இட்லித் தட்டில் ஏழு போல்ட்டு

“ஈசியூ போயிருக்கும் சார்” என்று மெக்கானிக் போனில் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துபோனது.

“ஐசியூவா?” என்றேன்.

“ஐசியூ இல்ல சார், ஈசியூ. வண்டிக்கு மூள மாதிரி. உள்ள தண்ணி பூந்திருக்கும்.”

ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்கே நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் விடாமல் மழை. உப்பளம் என்ற எங்கள் பகுதியில் தெருவுக்கும் அதன் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. நான் குடியிருப்பது மாடியில். கீழ்வீடு நாலு படி உயரத்தில் இருந்ததால் தண்ணீர் அவர்கள் வாசலோடு நின்றுகொண்டது. மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்த என் மோட்டார் பைக்தான் மாட்டிக்கொண்டது. சீட்டுக்குக் கீழ்வரை மூழ்கி இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு சாவியைத் திருப்பினேன். ஹாரன் அடித்தது, இண்டிகேட்டர் எரிந்தது. ஆனால் சாவி போட்டதும் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்பு ஒரு முனகல் முனகுமே, அது வரவில்லை. மீட்டரில் எரிந்து அணையும் மஞ்சள் விளக்கும் எரியவில்லை. செல்ஃபை அமுக்கி அமுக்கிக் கட்டை விரல்தான் வலித்தது.

“கொண்டாந்து நிறுத்தட்டுமா?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

“ஐயோ வேணாம் சார். நாப்பது வண்டி நிக்குது, எனக்கே நிக்க எடம் இல்ல. ஈசியூவ மட்டும் கழட்டினு வாங்க, பாத்துடலாம். பேட்டரி நெகட்டிவ மொதல்ல எடுத்துடுங்க. ஒயரப் புடிச்சி இழுத்துடாதீங்க.”

பத்து நாள் பொறுத்தால் அவரே பார்த்துக் கொடுத்திருப்பார். எனக்குப் பொறுமை கிடையாது. அதோடு, அந்த வண்டி இல்லாமல் எனக்குப் பொழுது நகரவில்லை. எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். கேட்கத்தான் யாரும் இல்லை.

தினமும் காலையில் நான் கோரிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் ஒன்பதரை மணிபோல் உட்காருவேன். என் மனைவி அந்த ஆஸ்பத்திரியின் ஐசியூவில் பத்தொன்பது நாள் இருந்தாள். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். இருபதாம் நாள் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. ஆனாலும் காரியமெல்லாம் முடிந்த மறுவாரமே அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஏனென்றால் அங்கே மட்டும்தான் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். விழுப்புரம், திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, “உங்களுக்கு யாருங்க உள்ள?” என்பதாகத்தான் இருக்கும்.

“சம்சாரம்” என்பேன். “எப்பிடி இருக்காங்க?” என்பார்கள். “நல்லாத்தான் இருக்கா” என்பேன். எட்டு மாதமாகப் பொய் சொல்லி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டில் தெரிந்தவர் யாராவது இருந்து, எங்கே போறீங்க என்று கேட்டுவிடுவார். வண்டி எதுவும் கேட்காது.

என் மகளிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன். மகள் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளையின் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வழியில் அவர்கள் குடும்பமே அங்கே போய்விட்டது. மகளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவளுக்குத் தெரியும். ஐசியூ என்று நான் சொல்லவில்லை. தினமும் போன் பண்ணி, “எப்பிடிப்பா இருக்காங்க?” என்பாள். “வார்டுலதான் இருக்காம்மா. நல்லாத்தான் இருக்கா” என்பேன். ஐசியூ வாசலில் நின்றுகொண்டே சொல்வேன். பதறிவிடுவாள் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்ததும் உண்டு. பத்தொன்பது நாளில் அவள் பத்து முறை வந்து போயிருக்கலாம். வந்தபோது அம்மாவை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கூடத்தில் நின்று கேட்டாள், “வார்டுன்னுதானே சொன்னீங்க?” என்று. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் நிற்கும். தப்பு என்னுடையதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். “தெரிஞ்சி மட்டும் இன்னா பண்ணியிருக்கப் போற?” என்று கத்தினேன்.

அவள் பதினாறாம் நாள் முடிந்ததும் கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பெற்றவன் என்ற வீம்பு வேறு. எட்டு மாதம் அப்படியே போனது.

சரி, வண்டிக்கு வருகிறேன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எந்த போல்ட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஒன்றையும் முடுக்கியதில்லை, கழற்றியதும் இல்லை. எடுத்துக் கொடுப்பதோடு சரி. ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு, பிரித்த சாமானைப் பிரித்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்று. அதற்குத் தட்டு தேடினேன். சமையலறையில் இட்லிப் பானைக்குள் ஏழு குழித் தட்டு ஒன்று கிடந்தது. மனைவி போன பிறகு அந்தப் பானையைத் திறப்பது அதுதான் முதல் தடவை. ஈரத்துணி ஒன்று காய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்துவிட்டுத் தட்டோடு கீழே இறங்கினேன்.

சீட்டைக் கழற்ற இரண்டு போல்ட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனர். இரண்டு குழி நிறைந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு ஒரு ஸ்க்ரூ, மூன்றாவது குழி. அடுத்து இடது பக்கத்து சைடு கவர். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்தேன், கவர் அசையவில்லை. உள்ளே ரப்பரில் செருகி நிற்கும் காது ஒன்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? இழுத்த இழுப்பில் காது உடைந்து கையோடு வந்தது. இந்த வண்டியை வரைந்தவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். மனுஷன் கை நுழையாத இடத்தில் மனுஷன் கழற்ற வேண்டிய சாமானை வைத்திருக்கிறான்.

உள்ளே எங்கு பார்த்தாலும் ஒயரும் சேறும். ஈசியூ எது என்று தெரியவில்லை. அலுமினியத்தில் வரிவரியாகக் கோடு போட்டு ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. மூளை என்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, முழங்கை சிராய்த்துக்கொண்டு அதைக் கழற்றிப் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“சார், அது ரெகுலேட்டரு. சத்தமில்லாம எங்க இருந்துதோ அங்கயே மாட்டிடுங்க. பேட்டரிக்குப் பின்னால ரப்பர் சட்ட போட்டுனு கறுப்பா ஒண்ணு குந்தினு இருக்கும் பாருங்க, சோப்பு சைசுல. அதான்.”

மாட்டினேன். பிறகு போன் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேட்டரிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினேன். இருந்தது. ரப்பர் சட்டையோடு, சின்னதாக, யாருக்கும் வேண்டாததுபோல் ஒரு மூலையில் இருந்தது. இதுவா இத்தனை பெரிய வண்டியை ஓட்டியது என்று தோன்றியது. அதைப் பிடித்திருந்த பட்டைக்கு இரண்டு போல்ட்டு. ஆறு, ஏழு. ஏழு குழிக்கு ஏழும் சரியாகப் போனது. ஸ்டோர் கீப்பருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், மாடிப்படிதான் இருந்தது.

ஒயர்க் கற்றையெல்லாம் வந்து சேரும் கப்ளரில் ஒரு பூட்டு இருக்கிறது. அதை அமுக்கிக்கொண்டு கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். அமுக்கினால் இழுக்க முடியவில்லை, இழுத்தால் அமுக்க முடியவில்லை. இன்னொரு கை இருந்தால் நொடியில் முடிகிற வேலை. கடைசியில் ஸ்க்ரூடிரைவரின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் முனையால் பூட்டை அமுக்கி, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி எடுத்தேன். உள்ளே வரிசையாக ஊசிகள். பாதிக்குப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரும் வழிந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. மேலே போய்ச் சார்ஜில் போடப் படியேறிக்கொண்டே பேசினேன். கத்திப் பேசுவது என் பழக்கம். “ஈசியூதான்யா. உள்ள தண்ணி எறங்கியிருக்குது... ஆமா, கழட்டியாச்சி... பொழைக்குமா, பொழைக்காதா, அத மட்டும் சொல்லு... சரி, இப்பவே வரேன்.”

படிக்கு அந்தப் பக்கம்தான் கீழ்வீட்டு அம்மாவின் சமையலறை ஜன்னல். நல்ல மனுஷி. ரம்ஜான் மாதம் முழுக்க எனக்குத் தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். மிக்சி சத்தத்துக்கு நடுவில் அவர் காதில் விழுந்தது எது, விழாதது எது என்று எனக்கு அப்போது தெரியாது. போனைச் சார்ஜில் போட்டேன். ஈசியூவைத் துண்டில் சுற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டு, முகத்தைக்கூடக் கழுவாமல் வேகமாக நடந்தேன்.

மெக்கானிக் அதை வாங்கிப் பார்த்து, ஏதோ ஸ்ப்ரே அடித்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். “ரெண்டு நாள் காயட்டும் சார். நானே கூப்பிடறேன்” என்றார். ஐந்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கலாம். அங்கே வண்டி மூழ்கியவர்கள் ஏழெட்டுப் பேர் நின்று அவரவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் என் கதையைச் சொன்னேன். ரெகுலேட்டர் கதைக்கு நன்றாகச் சிரித்தார்கள். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை மணி. போனில் இருபத்திரண்டு மிஸ்டு கால். எல்லாம் மகளுடையது. அவளுக்கு என்னமோ ஏதோ என்று பதறிப்போனேன். நான் திருப்பிக் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“அப்பா! எந்த ஆஸ்பத்திரிப்பா?”

“ஆஸ்பத்திரியா? நான் வீட்ல இருக்கேன்.”

“பொய் சொல்லாதீங்க. கீழ்வீட்டு ஆன்ட்டி எல்லாம் சொல்லிட்டாங்க. ஐசியூன்னீங்களாம், தண்ணி எறங்கியிருக்குன்னீங்களாம், பொழைக்குமான்னு கேட்டீங்களாம். பைய எடுத்துனு போயிட்டீங்களாம். நீங்களே தனியா போயி அட்மிட் ஆயிட்டீங்களா?”

அழுதுகொண்டே பேசினாள். எட்டு மாதம் கழித்துக் கேட்கிற குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது ஐசியூ இல்லம்மா. ஈசியூ.”

“இன்னாது?”

“ஈசியூ. வண்டியோட மூள.”

“வண்டிக்கு ஏதுப்பா மூள? எங்க, காட்டுங்க.”

“மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன்.”

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

“அன்னைக்கும் வார்டுன்னுதான் சொன்னீங்க” என்றாள். “வீடியோல வாங்க.”

வந்தேன். முகத்தைப் பார்த்தாள். “கைய காட்டுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“காட்டுங்கப்பா. ரெண்டு கையும்.”

போனைச் சுவரில் சாய்த்துவைத்து இரண்டு கையையும் நீட்டினேன். நகமெல்லாம் கறுப்பு, முழங்கையில் சிராய்ப்பு. “புறங்கைய காட்டுங்க. மணிக்கட்ட. இப்ப முழங்கைக்கு உள்பக்கம்.” ஊசி குத்திய தடம் தேடுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. அவளுக்கு அது தினமும் பார்க்கிற வேலை. ஒவ்வொரு கையையும் நிதானமாகப் பார்த்தாள். என் கையை யாராவது அப்படிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“வண்டி எங்க?” என்றாள். போனோடு கீழே இறங்கிப் போய், திறந்து கிடந்த வண்டியைக் காட்டினேன். ஈசியூ இருந்த ஓட்டையைக் காட்டினேன். உடைந்த காதையும் காட்டினேன். பக்கத்தில் படியில் இருந்ததை அவளே பார்த்துவிட்டாள்.

“அது இன்னாப்பா? அம்மாவோட இட்லித் தட்டா?”

“போல்ட்டு மாறிடக் கூடாதுன்னு வெச்சேன். கழுவிடுவேன்.”

“கழுவி? இட்லி ஊத்தப் போறீங்களா?”

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். ஒரு தடவை சிரிப்பதுபோல் உதடு போனது, பாதியில் கோணிக்கொண்டது. “வாராவாரம் ஆன்ட்டிகிட்ட உங்களப் பத்தி கேட்டுனுதான் இருக்கேன்” என்றாள். “சாப்புடறாரா, லைட்டு எரியுதான்னு.” அது எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு கேட்டாள், “டிக்கெட் பாத்துட்டேன்ப்பா. பொட்டியக்கூட எறக்கிட்டேன். வரட்டுமா, வேணாமா?”

வா என்று சொல்ல ஒரே ஓர் எழுத்துதான் வேண்டும். “வேணாம்மா” என்றேன். “வேலைய விட்டுட்டு எதுக்கு? எனக்கு இன்னா கொற? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “சரிப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஐசியூ வாசலில் நின்று சொன்ன அதே வாக்கியம் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. மன்னிச்சிடும்மா என்று சொல்லவும் எட்டு மாதமாக வைத்திருந்தேன், அதுவும் வாயிலேயே தங்கிவிட்டது. வாய் இருக்கிறதே என்று என்னை நானே திட்டிக்கொண்டு மாடியேறினேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மெக்கானிக் கூப்பிட்டார். “உயிர் இருக்குது சார், வாங்க.” அதே மாடல் வண்டி ஒன்றில் மாட்டிப் பார்த்துவிட்டாராம். வாங்கிவந்து, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டினேன். ஏழாம் குழி, ஆறாம் குழி என்று ஒவ்வொன்றாகக் காலியானது. கப்ளர் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. சாவியைத் திருப்பியதும் பம்பு முனகியது, மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது, முதல் அமுக்கிலேயே எஞ்சின் பிடித்தது. கீழ்வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, “சரியாயிடுச்சாண்ணா?” என்றார். பாவம், மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடம். “ஆயிடுச்சிம்மா. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல” என்றேன்.

கையைக்கூடக் கழுவாமல் கோரிமேட்டுக்கு விட்டேன். பெஞ்சில் இடம் இருந்தது. டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி கூடையும் பிளாஸ்க்குமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவர், கணவரைச் சேர்த்து நாலு நாள் ஆகிறது என்றார். வழக்கம்போல் கேட்டார், “உங்களுக்கு யாருங்க உள்ள?”

சம்சாரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “யாரும் இல்லீங்க” என்றுதான் வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப எதுக்கு இங்க வந்து குந்தினு இருக்கீங்க?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வண்டியிடம் போனேன். அங்கே பிரான்சில் இன்னும் விடிந்திருக்காது. கூப்பிட்டால் மறுபடி பயந்துவிடுவாள். போனை எடுத்து, வாய்ஸ் மெசேஜ் பொத்தானைக் கறுப்பு விரலால் அழுத்திக்கொண்டு சொன்னேன்.

“வண்டி சரியாயிடுச்சிம்மா. நான்தான் நல்லா இல்ல. அன்னைக்கு அம்மா ஐசியூல இருந்தா. நான் உன்கிட்ட சொல்லல. தப்பு என்னுதுதான். நீ வா.”

விரலை எடுத்தால் போய்விடும். பஸ் சத்தமும் ஆம்புலன்ஸ் சத்தமும் அதில் பதிவாகிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றேன். பிறகு எடுத்தேன்.